மறுபடியும் மென்று சாப்பிட

கன்னத்தின் உட்புறத்திலோ ஈறிலோ வந்த புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அப்படி அறுவை செய்துகொண்டவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாருக்குமான அத்தியாயம் இது. புற்று அல்லாத தாடைக் கட்டிக்காகவோ விபத்துக்குப் பிறகோ இதே அறுவை நடந்திருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். ரேடியேஷன் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்கள் தாண்டிப் போகலாம்.

அறுவைக்குப் பின் வீட்டார் முதலில் கேட்பது, "எலும்பு சேர்ந்துடுச்சா டாக்டர்?" என்பதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே சேர்ந்திருக்கும். ஆனாலும் ஆறு மாதம் கழித்தும் நோயாளி கஞ்சியும் பாலுமாகவே காலம் தள்ளிக்கொண்டிருப்பார். எலும்பைப் பொருத்தித் தருவதோடு அறுவையின் வேலை முடிந்துவிடுகிறது. மெல்லுவதை அதன்பின் நாள்தோறும் பழகித்தான் மீட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் இதை உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வாய்க்குள் என்ன மாறியிருக்கிறது

உங்கள் நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை புடைத்து எழும். காதுக்குக் கீழே தாடையின் மூலையில் விரலை வைத்தால் அங்கே இன்னொன்று கல் போல இறுகும். மெல்லுவதற்கான விசையில் பெரும்பங்கு இந்த இரண்டும் தருவது. தாடையின் மூலையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கத் தசைகள் பிடிமானத்தை இழந்துவிடுகின்றன. புதிய எலும்பு தாடையின் வடிவத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பழைய விசையை அப்படியே கொடுப்பதில்லை. கடிக்கும் வலுவில் பெரும்பகுதி இனி நல்ல பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

புதிய எலும்பு பெரும்பாலும் பிபுலா. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் மெல்லிய எலும்பு அது. உடலின் எடையைத் தாங்குவது அதன் பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு என்பதால் பிபுலாவை எடுத்தாலும் நடக்க முடிகிறது. கணுக்கால் ஆடாமலிருக்கக் கீழ் முனையில் சில சென்டிமீட்டரை விட்டுவைப்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயன் டெய்லர் 1975இல் இந்த எலும்பை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து வேறோர் இடத்துக்கு மாற்றும் முறையை வெளியிட்டார். நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ 1989இல் அதையே துண்டுகளாக வெட்டி, வளைத்து, தாடையாக்கிக் காட்டினார். இன்று சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் செய்வது அந்த வழியில் வந்ததுதான். எலும்போடு ஒட்டியிருக்கும் காலின் தோலையும் கொண்டுவந்து கன்னத்துக்குள் தைப்பார்கள். அதைத்தான் 'ஃப்ளாப்' என்கிறார்கள்.

இந்தத் தோலைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். கன்னத்தின் பழைய உட்தோல் எப்போதும் ஈரமாக இருந்தது, மெல்லியதாக இருந்தது, ஒரு பருக்கை ஒட்டினாலும் உணர்ந்தது. காலிலிருந்து வந்த தோலுக்கு ஈரமும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. சிலருக்கு அதில் முடிகூட வளரும். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சோறு சரிந்தால், கன்னத் தசை அதை உள்ளே தள்ளும். நாக்கு மறுபக்கத்திலிருந்து வாங்கிப் பல்லின் மேல் ஏற்றும். இது நாள் முழுக்க நாம் அறியாமல் நடந்துகொண்டிருந்த வேலை. இப்போது கன்னம் தள்ளுவதில்லை. நாக்கையும் ஓரத்தில் சேர்த்துத் தைத்திருந்தால் அது பாதி தூரம்தான் எட்டும். சோறு கொடுப்புக்குள் தங்கிவிடும், தங்கியதும் தெரியாது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுவதால் எலும்போடு அதுவும் போய்விடுகிறது. உதடு மரத்துப்போயிருக்கும், ரசம் ஒழுகினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது.

ஆகவே, குடிக்கக் கொடுக்கும் எதையும் முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உதட்டில் கொப்புளம் வந்த பிறகே சூடு தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வாரங்கள்

வாய்க்குள் போட்ட தையல் ஆறும்வரை மூக்குக்குழாய் வழியாகத்தான் உணவு. குழாயை எப்போது எடுப்பது, வாயால் எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்தவர் சொல்ல வேண்டும். நாள் எண்ணி நாமாக முடிவு செய்வதற்கில்லை. எலும்பு பற்றிக்கொள்ள ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை பல்லால் கடிக்க வேண்டிய எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் எலும்பு சேரும்வரை அதை அசையாமல் பிடித்து வைத்திருக்கத்தான். முறுக்கு கடிக்கும் விசையைத் தாங்குவதற்கல்ல.

வாயால் தொடங்கும் முதல் நாள்களில் கவனிக்க வேண்டியது புரையேறுவதை. நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, ஒரு டீஸ்பூன் தண்ணீர். விழுங்கியபின் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் நீர் கோத்தது போலக் களகளவென்று கேட்டாலோ இருமல் வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடமோ ஸ்பீச் தெரபிஸ்டிடமோ சொல்லுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சை மட்டும் பார்ப்பவர் அல்லர். விழுங்கவும் மெல்லவும் பயிற்சி தருபவரும் அவர்தான். உங்கள் மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வாய் திறப்பு

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். வாய் திறக்காவிட்டால் மெல்லும் பேச்சுக்கே இடமில்லை. பல் விளக்க முடியாது, பல் கட்ட முடியாது, நோய் திரும்பியிருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்க்கவும் முடியாது.

உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போனால் பெரும்பாலும் போதுமான திறப்பு. ஸ்கேலில் அளந்தால் மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்புவரை 35 மில்லிமீட்டர் என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் வாய்ப்பூட்டு. நம் ஊரில் பாக்கு, பான்மசாலா போட்டுப் பழகிய பலருக்கு நோய் வருவதற்கு முன்பே கன்னம் நார் போல் இறுகி, இரண்டு விரல்கூடப் போகாமல் இருந்திருக்கும். அவர்களுக்கு அறுவையின் தழும்பும் ரேடியேஷனும் அந்த இறுக்கத்தின் மேலேயே வந்து சேர்கின்றன.

ரேடியேஷனைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் கொடுப்பது வழக்கமாக ஆறு வாரம், முப்பது தவணை. அது முடிந்த நாளோடு அதன் வேலை முடிவதில்லை. தசைகள் நாராக இறுகுவது அதற்குப் பின்வரும் மாதங்களில்தான் வேகம் பிடிக்கிறது. வாய்ப்புண் ஆறி, வலி போய், "இனி சரியாகிவிட்டது" என்று வாய் திறக்கும் பயிற்சியை விடுகிற அதே காலத்தில் வாய் மெதுவாக மூடிக்கொண்டு வரும். போன திறப்பைத் திரும்பப் பெறுவது, இருப்பதைக் காப்பாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம்.

பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று அறுவை செய்தவரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்ததும் முதலில் கைபடாமல்: மெதுவாக முடிந்தவரை திறந்து சில நொடி நிறுத்துவது, தாடையை இடமும் வலமும் நகர்த்துவது, முன்னே தள்ளுவது. பிறகு விரலால்: கட்டைவிரல் மேற்பல்லில், ஆள்காட்டி விரல் கீழ்ப்பல்லில், கத்தரிக்கோல் போலக் குறுக்காக வைத்து மெல்ல விரிப்பது. இறுக்கம் தெரிய வேண்டும். கூர்மையான வலி கூடாது. ஏழு முறை விரித்து, ஒவ்வொரு முறையும் ஏழு நொடி பிடித்து, நாளுக்கு ஏழு வேளை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து முறை, முப்பது முப்பது நொடி, நாளுக்கு ஐந்து வேளை என்பது ஒத்துவரும். இரண்டில் எது விடாமல் நடக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்லது.

இதற்கென்று கையால் அழுத்தி விரிக்கும் கருவிகள் விற்கிறார்கள். நல்ல கருவிகள்தாம், விலைதான் அதிகம். வாங்க முடியாதவர்களுக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது ஐஸ்கிரீம் குச்சிகள். சுத்தமான தட்டைக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, நல்ல பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைக்க வேண்டும். உங்களால் தாங்கக்கூடிய எண்ணிக்கையில் சில நிமிடம் இருந்துவிட்டு, தசை தளர்ந்ததும் அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியை மெல்லச் செருகுங்கள். முன்பற்களில் வைத்து நெம்பாதீர்கள், பல் ஆட்டம் கண்டுவிடும். பல்லே இல்லாதவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். ஈறு கிழியும், அவர்களுக்கென்று தனியாக வழி செய்து தருவார்கள். பயிற்சிக்கு முன் கன்னத்தில் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கும் பழக்கம் உண்டு. மரத்த தோலில் சூடு தெரியாது என்பதால் ஒற்றடத் துணியை நல்ல பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒரு நோட்டில் வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், வாய் திறப்பின் அளவை எழுதி வாருங்கள். அதே பக்கத்தில் உடல் எடையையும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணும் டாக்டருக்கு எந்த விவரணையையும்விட அதிகம் சொல்லும்.

பாக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதானே" என்று திரும்பவும் தொடங்குகிறவர்கள் உண்டு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தை நாராக இறுக்குவதும் அந்தப் பாக்குதான். இத்தனை பாடுபட்டுத் திறந்த வாயை அது மூடிவிடும்.

கவளத்திலிருந்து தொடங்குவது

கடிக்க அனுமதி கிடைத்த பிறகும் நேரே சோற்றுக்குப் போக வேண்டாம். முதலில் விழுங்காமல் மெல்லப் பழகலாம். சுத்தமான காஸ் துணியில் ஒரு துண்டு ஆப்பிளையோ மாம்பழத்தையோ முடிந்து, துணியின் வாலை வெளியே கையில் பிடித்துக்கொண்டு, முடிச்சை நல்ல பக்கத்துக் கடைவாயில் வைத்து மெல்லுங்கள். சாறு மட்டும் இறங்கும், துண்டு தொண்டைக்குள் போகாது. பிறகு நாக்கால் அந்த முடிச்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திப் பாருங்கள். மறந்துபோன வேலையை நாக்கு கற்றுக்கொள்வது இங்கேதான்.

அடுத்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து டீஸ்பூனால் சாப்பிடுவது. மரத்த இடத்தில் உணர்வு சொல்லாததைக் கண் சொல்லிவிடும். கவளம் சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். அதை ஸ்பூனாலேயே நல்ல பக்கத்துக் கடைவாயில் வைத்து, உதட்டைச் சேர்த்து மூடி, மெதுவாக மென்று, விழுங்கி, அதன்பின் நாக்கால் ஒருமுறை சுற்றித் துழாவ வேண்டும். அறுவையான பக்கக் கன்னத்தை வெளியிலிருந்து விரலால் மெல்ல அழுத்தினால், கன்னத் தசை செய்ய வேண்டிய வேலையை விரல் செய்யும். ஒதுங்கிய சோறு பல்லுக்குத் திரும்பும். பார்க்க எளிதாக இருக்கும் இந்த உத்திதான் பலருக்குக் கஞ்சியிலிருந்து சாதத்துக்கு வர வழி திறக்கிறது.

எது எளிது, எது கடினம் என்பதில் நம் வழக்கமான கணிப்பு பெரும்பாலும் தவறு. கஞ்சியில் பருக்கை மிதந்தால் எளிது என்று நினைக்கிறோம். அது கடினமான உணவு. தண்ணீர் முன்னே ஓடித் தொண்டையில் இறங்கும், பருக்கை வாயிலேயே நிற்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் கையாளத் தெரியாமல் புரையேறும். ரசம் சாதமானால் ரசம் தனியாக நிற்காதபடி குழையப் பிசையுங்கள். பழைய சோற்றை நீராகாரத்தோடு கொடுக்காமல் இரண்டையும் சேர்த்துக் கரைத்தோ அரைத்தோ கொடுங்கள். பிரெட் மென்மையானதுதான், ஆனால் எச்சில் குறைந்த வாயில் மாவாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெறும் இட்லியும் அப்படித்தான். சாம்பாரில் முழுக்க ஊறிய இட்லி நன்றாக இறங்கும். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பத்தைச் சிறிதாக நறுக்கிக் கொடுத்தால் மெல்லப் பழக மிகவும் ஏற்றது. நெய் விட்ட குழைந்த பொங்கல், பருப்பு மசியல், முள் நீக்கிய மீன், கலக்கிய முட்டை, நன்றாக வெந்த பூசணி என்று போய், மென்தோசை, பிறகு சாம்பாரில் ஊறிய சப்பாத்தி, அதன்பின் வேகவைத்த பீன்ஸ், கேரட். கறியை இவையெல்லாம் பழகிய பிறகு, கொத்துக்கறியாகத் தொடங்கலாம். முருங்கைக்காய், முள் நிறைந்த மீன், கீரைத்தண்டு, காய்ந்த பொரிவகைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஒரு வீட்டில் பார்த்தேன். மருமகள் ஸ்பூனை நீட்டி, "அத்தை, இந்தப் பக்கம் வெச்சுக்குங்க, அவசரமே இல்ல," என்றாள். மாமியார் மென்றுகொண்டே தலையாட்டினார். பேசவில்லை. பிறகு விரலால் கன்னத்தை அழுத்திவிட்டு, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார். டிவி அணைந்திருந்தது. மென்று கொண்டிருக்கும்போது அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாப்பிடும்போது பேச வைப்பதுதான் புரையேற வைக்கும் எளிய வழி என்று அவளுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். மிக்ஸியில் அடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கும் வீடுகளில் நோயாளி மிக்ஸியிலேயே நின்றுபோகிறார். களைத்துப்போகும் வேளைகளில் அரைத்துக் கொடுங்கள், தவறில்லை. நாளில் ஒரு வேளையாவது மெல்லும் உணவாக இருக்கட்டும்.

முன்னேற்றம் தெரிய ஒரு வழி: வேகவைத்த கேரட் வில்லை ஒன்றை இருபது முறை மென்று, விழுங்காமல் வெள்ளைத் தட்டில் துப்பிப் பாருங்கள். முதலில் பெரிய துண்டுகளாக இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதே போலச் செய்து பார்த்தால் துண்டு சிறுத்துக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் வாயில் மிச்சம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புநீரால் கொப்பளித்து, கொடுப்பைத் துடைத்தெடுத்த பிறகே படுக்கலாம். தங்கிய சோறு தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு உண்டு.

சத்தில் குறை வைக்காதீர்கள். இந்தக் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், கஞ்சி மட்டும் ஏன் போதாது என்பது தெரியும். கஞ்சியிலேயே பால் பவுடர், அரைத்த வேர்க்கடலை, வெந்த பருப்பு, நெய் என்று சேர்த்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் டயட்டீஷியனைக் கேட்டுக்கொண்டு சேர்த்துக் கொடுங்கள். ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அலட்சியப்படுத்தக்கூடிய இளைப்பு அல்ல.

ரேடியேஷன் நடக்கும்போது இரண்டாம் மூன்றாம் வாரத்திலிருந்து வாய்ப்புண் வரும், இந்தப் படிகளில் சில கீழே இறங்க வேண்டியிருக்கும். மூக்குக்குழாய் மறுபடி தேவைப்படலாம். பயந்துவிடாதீர்கள். புண் ஆறியதும் விட்ட இடத்திலிருந்து ஏறலாம். குழாய் இருந்தாலும் விழுங்க முடிகிறவர் ஓரிரு ஸ்பூனாவது வாயால் எடுத்துக்கொண்டே இருப்பது நல்லது.

பல்

நல்ல பக்கத்தில் மேலும் கீழும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தினால், பலருக்கு அதுவே போதும். எல்லோருக்கும் இம்ப்ளான்ட் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முன்தாடை முழுவதும் போனவர்களுக்கும் நல்ல பக்கத்தில் பல் இல்லாதவர்களுக்கும் பல் இல்லாமல் மெல்லும் திறன் ஓரளவுக்கு மேல் ஏறாது.

கழற்றி மாட்டும் பல்செட் ஃப்ளாப்பின் மேல் நிற்பது கடினம். அடியில் மேடு இருக்காது, தோல் தடித்து அசையும். அதனால் பிபுலா எலும்புக்குள்ளேயே டைட்டானியம் வேர் நட்டு அதன்மேல் பல் பொருத்துகிறார்கள். எலும்போடு டைட்டானியம் ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்து ஸ்வீடனில் ப்ரோனமார்க் 1965இல் முதன்முதலாக மனிதருக்கு நட்ட அதே முறைதான். ரேடியேஷன் பட்ட எலும்பில் நடுவது கூடுதல் ஆபத்து உள்ளது என்பதால் எப்போது, எங்கே என்பதை அறுவை நிபுணரும் பல் கட்டுபவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். செலவுதான் தடை என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கைப் பல் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

எலும்பு வைக்காமல் தசையை மட்டும் வைத்து மூடியவர்களுக்குத் தாடை அறுவையான பக்கமாகச் சாயும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது. தொடக்கத்திலேயே பல் மருத்துவரிடம் போனால், தாடையைத் திரும்ப நடுவுக்கு வழிநடத்தும் ஒரு தகட்டைச் செய்து தருவார். தழும்பு இறுகிய பிறகு போனால் அதன் பயன் குறையும்.

ரேடியேஷன் வாங்கியவர்கள் எந்தக் காலத்திலும், பத்து வருடம் கழிந்த பிறகும்கூட, அதைச் சொல்லாமல் பல் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அந்த எலும்பு ஆறும் சக்தியை இழந்திருக்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும் என்பதால், டாக்டர் எழுதித் தரும் ஃப்ளோரைடு ஜெல்லை நாள்தோறும் போடுங்கள்.

உடனே போக வேண்டியது எப்போது

நோட்டில் நன்றாக ஏறிக்கொண்டிருந்த வாய் திறப்பு திடீரென்று குறைந்தால், புதிதாக வலியோ கட்டியோ வந்தால், பிளேட் ஈறு வழியாகவோ தோல் வழியாகவோ எட்டிப் பார்த்தால், கன்னத்தில் சிறு துளை விழுந்து நீர் வடிந்தால், கடிக்கும்போது தாடையில் 'டக்' என்று ஏதோ நகர்ந்தால், அடுத்த செக்கப்வரை காத்திருக்காதீர்கள். பயிற்சி போதவில்லை என்று நீங்களாக நினைத்து இன்னும் பலமாக விரிக்கவும் வேண்டாம். கிருமித் தொற்றா, எலும்புச் சிதைவா, நோய் திரும்பியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வாரத்திலிருந்து திறப்பு குறைய ஆரம்பித்தது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.